பின்சீட்டில் பிள்ளைகள்

ஷார்ஜா
14 செப்டம்பர் 2024

அன்புள்ள பீட்டர் அண்ணனுக்கு ஷாஜினி எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நான், லிஜோ, ஆன்சி, ஜெரி எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பள்ளிக்கூடம் திறந்த வாரமே ஜெரிக்குச் சளி பிடித்தது, அதைத் தவிர குறை ஒன்றுமில்லை. உன் முதுகுவலி எப்படி? ஜுபைலில் வெயில் தணிந்ததா? கேம்ப் சாப்பாட்டில் இன்னும் அந்த ரப்பர் சப்பாத்திதானா?

போன் இருக்கும்போது இவள் ஏன் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் லிஜோ ஸ்பீக்கரில் போடுகிறான், பிள்ளைகள் பிடுங்குகிறார்கள், ஒரு விஷயம் பேசி முடிவதில்லை. என்னோடு வார்டில் வேலை பார்க்கும் நஜீஹாவை உனக்குத் தெரியுமே, நம் ஊருக்கு அடுத்த தேங்காய்ப்பட்டணத்துக்காரி. அவள் மாப்பிள்ளை கலீலுர் ரஹ்மான் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டு சவுதிக்குள் ஜுபைல் வரை வந்து போகிறார். கடிதம் கொடுத்தால் கேம்ப் வாசலில் சேர்த்துவிடுவேன் என்றார். பார்டரில் வரிசை நின்றால் மட்டும் தாமதமாகுமாம்.

விஷயம் இதுதான். எங்கள் சின்னக் காரை விற்றுவிட்டு ஒரு பழைய பிக்கப் வாங்க லிஜோ ஒற்றைக்காலில் நிற்கிறான். டபுள் கேபின், பின்னால் சீட் உள்ளது. அவன் வேலை செய்யும் படகுப் பட்டறையில் முதலாளி அர்பாபின் ஃபைபர் போட் ஒன்று சும்மா கிடக்கிறதாம். அதை ட்ரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு, லீவு நாளில் மலைக்கு அந்தப் பக்கம் கடலுக்குப் போகலாம் என்கிறான். படகு இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுவான், வண்டி விஷயத்தில் பூஜ்யம். "ஒனக்க மெக்கானிக் அண்ணன்ட்ட கேளு பிள்ளே, அவரு சொன்னா சரியா இருக்கும்" என்றான். எனக்கும் ஆசைதான் அண்ணா. கடற்கரையில் பிறந்த பிள்ளைகள் அவர்கள், கடல் மீனை மாலின் கண்ணாடித் தொட்டியில்தான் பார்த்திருக்கிறார்கள்.

என்ன வண்டி, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுது. என்னைத் திட்டாமல் எழுது.

உன் பதிலைப் பார்த்திருக்கும் தங்கை,
ஷாஜினி


ஜுபைல்
2 அக்டோபர் 2024

ஷாஜிக்கு, பீட்டர் அண்ணன்.

உன் கடிதம் கிடைத்தது. ஜெரிக்குச் சளி விட்டதா? ஏசியை அவன் தலைமேல் வைத்துத் தூங்கப் போட்டால் சளி பிடிக்காமல் சர்க்கரையா பிடிக்கும்? என் முதுகு என்னைவிட நன்றாக இருக்கிறது. சப்பாத்தி அதே சப்பாத்திதான்.

திட்டாமல் எழுதச் சொன்னாய், முயற்சி செய்கிறேன். முதல் பாடம்: பெயிண்டைப் பார்த்து வண்டி வாங்குகிறவன், பவுடரைப் பார்த்துப் பெண் கட்டுகிறவன். போன ஏப்ரல் மழையில் உங்கள் ஊரில் மூழ்கிய வண்டிகளையெல்லாம் துடைத்து, சென்ட் அடித்து மார்க்கெட்டில் நிறுத்தியிருப்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் அது மூழ்கிய வண்டி. கால்மிதியைத் தூக்கி முகர்ந்து பார். நர்ஸ் மூக்கு உனக்கு, பொய் சொல்லாது.

பிள்ளைகளுக்கென்றால் பின்சீட்டில் நீயே ஏறி ஒரு மணிநேரம் உட்கார்ந்து பார். சில பிக்கப்பில் பின்சீட்டின் முதுகு சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும், ஊர் போய்ச் சேருவதற்குள் பிள்ளைகள் அழுதுவிடும். பின்னால் ஏசி வருகிறதா பார். வெயில் படாமல் பின்கண்ணாடிகளுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் நல்லது.

இழுவை விஷயத்தில் எல்லாரும் ஏமாறுவது ஒரே இடத்தில். இன்ஜினைப் பார்த்து இது எவ்வளவு இழுக்கும் என்று கேட்பார்கள். மாடு கூட இழுக்கும். நிறுத்துமா என்று கேள். மலை இறக்கத்தில் பின்னால் இருக்கிற பாரம் உன்னைத் தள்ளும்போது பிரேக் நிற்க வேண்டும், கியர்பாக்ஸ் கருகக்கூடாது. கொக்கி சும்மா பம்பரில் தொங்கக்கூடாது, அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கியிருக்க வேண்டும்.

லிஜோவிடம் மூன்று விஷயம் கேட்டு எழுது. படகு எவ்வளவு பெரியது, எத்தனை இன்ஜின், தார் ரோட்டிலா மணலிலா இழுக்கப் போகிறான். அதைச் சொல்லாமல் வண்டி கேட்பது, ஆளைக் காட்டாமல் சட்டைக்கு அளவு கேட்பது மாதிரி.

பிள்ளைகளுக்கு முத்தம். நீ வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்,
ஜான் பீட்டர்


ஷார்ஜா
26 அக்டோபர் 2024

அன்பு அண்ணனுக்கு,

கலீல் காக்கா பார்டரில் மாட்டிக்கொண்டதால் உன் கடிதம் பழைய சோறாகத்தான் வந்தது. எல்லோரும் சுகம். ஜெரி சளி விட்டு இப்போது ஆன்சியைக் கடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டான். நீ முதுகுக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தடவினாயா, இல்லை ரூமில் எல்லாருக்கும் தானம் செய்துவிட்டாயா?

போன வெள்ளிக்கிழமை பழைய வண்டி மார்க்கெட்டுக்குப் போனோம். நீ சொன்னபடி எல்லா வண்டியிலும் சீட் பெல்ட்டை இழுத்தேன். ஷம்சாத் என்று ஒரு பெஷாவர்க்காரர், தாடியைத் தடவிக்கொண்டே லிஜோவிடம், "பாய், ஆப் நஹீ, பாபி காடி லேகா" என்றார். வண்டி வாங்குவது நான்தான் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அவரிடம் ஒரு சாம்பல் நிற ஜப்பான் வண்டி இருந்தது. ஒரே ஓனர், பின்சீட் மெத்தை மாதிரி. எனக்கு ரொம்பப் பிடித்தது.

லிஜோ வேண்டாம் என்றுவிட்டான். "எனக்கு வெள்ளதான் வேணும், கேட்டியா. இங்க வெள்ளப் பிக்கப்ப யாரும் திரும்பிப் பாக்கமாட்டான்" என்றான். திரும்பிப் பார்க்காத வண்டிக்கு ஆசைப்படுகிற ஒரே ஆள் என் வீட்டுக்காரன்தான். பக்கத்திலேயே வெள்ளையில் ஒன்று இருந்தது, அதுவும் மூழ்காத வண்டிதான். ஆனால் பின்கண்ணாடிகளில் இருந்த கறுப்பு ஃபிலிமைக் கிழித்துக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்கிறான். நீ எழுதியதைக் காட்டினேன். "பிள்ளையளு வெளிய பாக்கட்டும். வெளிய உள்ளவனும் பிள்ளையள பாக்கட்டும்" என்று சிரித்தான். ஷம்சாத் பாய்க்கே ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் ஃபிலிம் ஒட்டச் சொன்னவர்கள் உண்டு, கிழிக்கச் சொன்னவர் இவர்தான் என்றார்.

உன் கேள்விகளுக்குப் பதில்: படகு பெரியதுதான், ட்ரெய்லரோடு சேர்த்தால் வண்டியைவிட நீளம். பின்னால் இரண்டு இன்ஜின். கொஞ்ச தூரம் மணல், ரோடு கிடையாது. "இன்னும் கொஞ்சம் கூட பாரம் ஏத்துனா தாங்குமான்னும் அண்ணன்ட்ட கேளு" என்றான். எவ்வளவு கொஞ்சம் என்று சொல்லவில்லை.

பேங்க் லோன் என் சம்பளச் சர்டிபிகேட்டில்தான் கிடைக்கும், அதனால் வண்டி என் பேரில் வரும். முதன்முதலாக என் பேரில் ஒரு சொத்து, சிரிக்காதே.

ஷாஜினி


ஜுபைல்
15 நவம்பர் 2024

ஷாஜி,

நலம்தானே? நான் நலம். தைலம் தானம் செய்துவிட்டேன், என் ரூமில் இருக்கிற பாலகுரு முழங்காலில் தேய்த்துக்கொள்கிறான்.

சாம்பல் வண்டியை எடு. வெள்ளை வேண்டாம். காரணம் வண்டியில் இல்லை, கேட்கிற ஆளில் இருக்கிறது. குடும்பத்தோடு தூண்டில் போடுகிறவனுக்கு இரண்டு இன்ஜின் எதற்கு? மீன் என்ன, இவனைக் கண்டால் பஸ் பிடித்து ஓடுமா? ஃபிலிமைக் கிழிக்கச் சொன்னதை இரண்டு தடவை வாசித்தேன். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் பெற்ற பிள்ளைகளை உட்காரவைத்து ஊருக்குக் காட்ட வேண்டும் என்று எந்த அப்பன் நினைப்பான்?

அதைவிட முக்கியம்: எந்த வண்டி வாங்கினாலும் முல்கியாவில், அந்தப் பதிவுக் கார்டில், உன் பேர் வேண்டாம். சொத்து என்று எழுதியிருக்கிறாய், பைத்தியக்காரி. இந்தப் பாலகுரு ராமநாதபுரத்துக்காரன். ரூமில் கூட இருந்த ஒருவனுக்காக ஒரு வண்டியைத் தன் பேரில் எடுத்துக் கொடுத்தான். அந்த வண்டி எங்கேயோ எதிலோ மாட்டியது. ஓட்டினவன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். கேஸ் முடியாமல் ஊருக்குப் போகமுடியாத இவன், அப்பாவைப் புதைத்ததைப் போனில் பார்த்தான். இந்த நாடுகளில் ஓட்டுகிறவனைத் தேடமாட்டார்கள், கார்டில் இருக்கிற பேரைத்தான் முதலில் தேடுவார்கள்.

லிஜோ நல்லவன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. நல்லவனுக்கும் ஆழம் தெரியாமல் கால் விடுகிற புத்தி உண்டு. இந்தக் கடிதம் வந்ததும் ஒரு வரி எழுது.

அண்ணன்


ஷார்ஜா
24 நவம்பர் 2024

அன்பு அண்ணனுக்கு,

சுகமா? உன்னிடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. கலீல் காக்கா இப்போது சலாலா பக்கம் போயிருக்கிறார் என்று நஜீஹா சொன்னாள். இதை வேறொரு டிரைவர் கொண்டுவருவார்.

வண்டி வாங்கிவிட்டோம்! வெள்ளைதான். முல்கியாவில் என் பேரைப் பார்த்துவிட்டு ஆன்சி, "மம்மி, யூ ஆர் தி பாஸ்" என்றாள். சென்ற சனிக்கிழமை முதல் பயணம். பிரியாணி கட்டிக்கொண்டு, படகை இழுத்துக்கொண்டு மலை தாண்டிப் போனோம். வழியில் போலீஸ் சோதனை. எனக்குப் பதற்றம், கார்டு, லைசென்ஸ் எல்லாவற்றையும் கையில் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் போலீஸ்காரர் பின்சீட்டை ஒரு பார்வை பார்த்தார். ஜெரி கை காட்டினான். "ஃபேமிலி? யல்லா, யல்லா" என்று விட்டுவிட்டார். எங்களுக்கு முன்னால் லேபர் ஆட்களின் பிக்கப் ஒன்றை ஓரம் கட்டி, இருக்கையைக்கூடத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே பெண்ணும் பிள்ளையும் இருக்கிற வண்டிக்கு என்ன மரியாதை பார்.

கடலில்தான் போகமுடியவில்லை. லிஜோவின் கூட்டாளிகள் இரண்டு பேர் அங்கே காத்திருந்தார்கள், இன்ஜினைச் சோதிக்க வேண்டும் என்று படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் கரையில் உட்கார்ந்து பிரியாணி தின்றோம். அவர்கள் சாயங்காலம்தான் திரும்பினார்கள். ஆன்சி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள். அடுத்த தடவை ஏற்றுவதாக லிஜோ சொல்லியிருக்கிறான்.

ஒரு மெக்கானிக் கேள்வி. போகும்போது மலையில் வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. திரும்பும்போது அதே மலையில் திணறியது, சூடு காட்டும் முள் மேலே போய்விட்டது, ஏசியை அணைத்துவிட்டுத்தான் ஏறினோம். அதே படகுதானே, பெட்ரோலும் தீர்ந்துதானே வருகிறது, லேசாகத்தானே இருக்க வேண்டும்? ரேடியேட்டரில் கோளாறா?

ஷாஜினி


ஜுபைல்
12 டிசம்பர் 2024

ஷாஜி,

எல்லோரும் நலமா? என் முந்தின கடிதமும் உன் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என் கடிதம் வந்திருந்தால் வாசித்துவிட்டுக் கிழித்துப் போடு.

ரேடியேட்டரில் கோளாறு இல்லை.

அடுத்த தடவை போகும்போது ஒரு காரியம் செய். கிளம்பும் முன் பின்சக்கரத்துக்கும் மேலே இருக்கிற மட்கார்டுக்கும் நடுவில் கையை வைத்துப் பார். எத்தனை விரல் போகிறது என்று நினைவில் வைத்துக்கொள். திரும்பும்போது பிள்ளையைச் சிறுநீர் கழிக்க இறக்குகிற சாக்கில் இறங்கி, அதே இடத்தில் மறுபடி வைத்துப் பார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். வண்டிக்குக் கனம் இருந்தால் அது சக்கரத்தின் மேல் உட்கார்ந்து காட்டும், மறைக்க முடியாது.

அதற்கு அடுத்த தடவை, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடு. நீங்கள் இல்லாமல் அவன் போகிறானா என்று பார்.

லிஜோவிடம் ஒன்றும் கேட்காதே. சண்டை போடாதே. கிறிஸ்துமஸ் நல்லபடியாகக் கொண்டாடுங்கள்.

அண்ணன்


ஷார்ஜா
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருஷம் நல்லபடியாகப் பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

போகும்போது நாலு விரல். திரும்பும்போது ஒரு விரல், அதுவும் இறுக்கிக்கொண்டு.

படகின் தார்ப்பாயைத் தூக்க என்னால் முடியவில்லை, கயிறு அப்படிக் கட்டியிருந்தது. ஜெரி சிறுநீர் கழித்து முடிப்பதற்குள் லிஜோ இறங்கி வந்து என் கையைப் பார்த்துவிட்டான். டயரில் காற்று பார்த்தேன் என்றேன். டயரை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியில் ஏறினான்.

போன வாரம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து அவனே வைத்துப் பார்த்தான் அண்ணா. நார்மல் காட்டியது. அப்படியும் நான் கிளம்பவில்லை. அவன் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "குடும்பம் இல்லாம என்னால போவ முடியாது ஷாஜி, ஒனக்கு மனசிலாகாது" என்றான். மனசிலாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். விஜயபாஸ்கர் என்று பெயர், அர்பாபின் கணக்கு வழக்குகளைப் பார்க்கிறாராம், நம் தமிழ்க்காரர்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொம்மைக் கார் கொண்டுவந்தார். ஜெரியை மடியில் வைத்து நெற்றியைத் தொட்டு, "காய்ச்சல் ஒண்ணுமில்லியேம்மா. பசங்க நல்லா இருக்காங்க. நல்லா பாத்துக்கங்க" என்றார். காபி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அவர் போன பிறகு லிஜோ கதவைச் சாத்தி, சாவியை இரண்டு தடவை திருகினான்.

அன்று சாயங்காலமே எங்கள் நாலு பாஸ்போர்ட்டையும் விசா புதுப்பிக்க என்று எடுத்துக்கொண்டு போனான். என் விசாவுக்கு அடுத்த வருஷம் வரை நாள் இருக்கிறது.

போனில் நீ எதையும் கேட்காதே. நான் சிரித்துப் பேசினால் நம்பு, நம்பாதே, ஆனால் கேட்காதே.

ஷாஜினி


ஜுபைல்
8 பிப்ரவரி 2025

ஷாஜிப் பிள்ளே,

நீ தைரியமாக இரு. நான் நலம் என்று எழுத இன்று மனம் வரவில்லை.

ஒளித்து எழுதி என்ன ஆகப்போகிறது? அவன் செய்வது கடத்தல். என்ன சரக்கு என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டாம். அவனுக்கு வேண்டியிருந்தது பிக்கப் இல்லை. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளும் முன்சீட்டில் ஒரு நர்ஸும் உள்ள பிக்கப். அதற்குத்தான் டபுள் கேபின், அதற்குத்தான் ஃபிலிமைக் கிழித்தது. போலீஸ்காரன் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் 'யல்லா' சொல்கிறான்.

நீ நேராகப் போலீசுக்குப் போனால் என்ன என்று பாலகுருவிடம் பேர் சொல்லாமல் கேட்டேன். சரக்கு கையில் இல்லாமல் வெறும் வாய்ச்சொல்லை வைத்துப் போனால், வண்டி உன் பேரில் இருப்பதால் முதலில் உள்ளே போகிறவள் நீதான், அதற்குள் சரக்கின் ஆட்கள் தடயத்தையெல்லாம் துடைத்துவிடுவார்கள் என்றான். அதனால் பொறு. நான் லீவு கேட்டிருக்கிறேன். பிளாண்டில் ஷட்டவுன் வேலை நடக்கிறது, முடியாமல் ஒருத்தனையும் விடமாட்டேன் என்கிறார்கள். முடிந்த அன்றே கிளம்பி வருகிறேன். அதுவரை என்ன காரணம் சொல்லியாவது அந்த வண்டியில் ஏறாதே. பிள்ளைகளை ஏற்றாதே. பரீட்சை என்று சொல், வயிற்றுப்போக்கு என்று சொல், தெர்மாமீட்டருக்குப் பிடிபடாத நோய் ஏதாவது சொல். நர்ஸுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

இதைக் கட்டாயம் கிழித்துவிடு.

அண்ணன்


ஷார்ஜா
16 மார்ச் 2025

அன்புள்ள அளியனுக்கு லிஜோ எழுதுவது.

தாங்கள் நலமாக இருக்க மன்றாடுகிறேன். இங்கே ஷாஜியும் பிள்ளைகளும் நலம். ஷாஜிக்கு டூட்டி அதிகம், எழுத நேரமில்லை, அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் கடிதங்கள் அவள் யூனிஃபார்ம் அடுக்கின் அடியில் இருந்தன. எல்லாவற்றையும் வாசித்தேன். விஜயபாஸ்கர் சாரும் வாசித்தார். கலீல் காக்காவிடமும் பேசியிருக்கிறோம், பிள்ளைக்குட்டிக்காரர், சொன்னால் புரிந்துகொள்வார்.

அளியன் என்னைப் பற்றி எழுதியிருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு தடவை என்றுதான் என்னிடமும் சொன்னார்கள். பிறகு அந்த ஒரு தடவையையே காட்டிப் பயமுறுத்தினார்கள். இப்போது விஜயபாஸ்கர் சார், இன்னும் ஒரு தடவை, பெரிய பாரம், அதோடு முடிந்தது, பாஸ்போர்ட்டைத் தந்துவிடுகிறேன் என்கிறார்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கொக்கி மாட்டியிருக்கிற குறுக்குச் சட்டத்தில் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் விரிசல் விழுந்திருக்கிறது. வெளி மெக்கானிக்கிடம் காட்டக்கூடாது என்று உத்தரவு. நான் படகுக்காரன், எனக்கு இது தெரியாது. வெல்டிங் வைத்தால் போதுமா? ஈஸ்டருக்கு முந்தின வாரம் போகிறோம். வழக்கம்போல் பிள்ளைகள் பின்னால் இருப்பார்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். சரியாகச் சொல்லுங்கள் அளியா.

லிஜோ


ஜுபைல்
29 மார்ச் 2025

லிஜோ,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. இங்கே ஷட்டவுன் முடிந்திருந்தால் நேரில் வந்து நின்றிருப்பேன்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. நான் சொல்லாமல் இருந்தால் மலை இறக்கத்தில் அது பிள்ளைகளின் கழுத்து. சொன்னால் நானும் உன் கூட்டாளி. சண்டாளா, இப்படி ஒரு கேள்வியைக் கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது? சொல்கிறேன். கழுத்துதான் பெரிது.

வெல்டிங் வைக்காதே. விரிசலின் மேல் வெல்டிங், புரையோடின புண்ணின் மேல் பவுடர். குறுக்குச் சட்டத்தையே மாற்று. பழைய உதிரிச் சாமான் கடையில் அதே மாடலின் சட்டம் கிடைக்கும். இரண்டு பக்கமும் உள்ளே கனமான தகடு வைத்து, புது போல்ட் போட்டு முறுக்கு. பழைய போல்ட்டைத் தொடாதே. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டு. பாரத்தைப் படகின் முன்பக்கம் தள்ளி வை, பின்னால் குவிந்தால் ட்ரெய்லர் வாலாட்டி வண்டியையே புரட்டும். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதே.

என் தங்கையையும் பிள்ளைகளையும் வீட்டில் விட்டுவிட்டுப் போ லிஜோ. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

ஜான் பீட்டர்


ஷார்ஜா
3 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நஜீஹா வீட்டில் இருக்கிறேன். பிள்ளைகளும் இங்கேதான், நன்றாகச் சாப்பிடுகிறார்கள். நீ சாப்பிடுகிறாயா? எதையும் முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்.

நீ எழுதிய மாதிரியே லிஜோ செய்தான். சட்டம், தகடு, போல்ட் எல்லாம் அவனே படுத்துக்கொண்டு மாட்டினான். நான் வரமாட்டேன் என்றால் விஜயபாஸ்கர் பிள்ளைகளை மட்டும் ஏற்றச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபோதே முடிவு செய்துவிட்டேன். சரக்கு கையில் இல்லாமல் வாய்ச்சொல்லோடு போகாதே என்று நீதானே எழுதினாய். சரக்கோடு போனேன்.

திரும்பும்போது மலை இறங்கியதும் சோதனை. சாயங்கால வெளிச்சம் அப்படியே பிள்ளைகள் முகத்தில் அடித்தது. போலீஸ்காரர் பார்த்தார். "ஃபேமிலி, யல்லா" என்றார். நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

"எங்கட்டி எறங்குற? கேறு. பிள்ளையளு இருக்கு" என்றான் லிஜோ.

"பிள்ளையளு இருக்குன்னுதான் எறங்குறேன்" என்றேன்.

எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி அரபியில், படகைத் திறந்து பாருங்கள் என்றேன். அந்த மனிதர் சிரித்தார். "மாஃபி முஷ்கில் மேடம், ரூஹ், ரூஹ்" என்று, ஒன்றுமில்லை போங்கள் என்பதுபோல் கை காட்டினார். நம்பவே மாட்டேன் என்கிறார் அண்ணா! நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். பானெட்டில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றேன், சூடு கை தாங்கவில்லை. அப்போதுதான் அவர் சிரிப்பதை நிறுத்தி, ஆட்களைக் கூப்பிட்டுப் படகின் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார்.

லிஜோ ஓடவில்லை. ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் கோபம் இல்லை, அப்பாடா என்கிற மாதிரி இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் இப்போது உள்ளே இருக்கிறான். வண்டி என் பேரில் என்பதால் என்னையும் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பேசி வெளியே எடுத்தார்கள். பட்டறையைச் சோதித்தபோது எங்கள் பாஸ்போர்ட்டுகள் போலீஸுக்குக் கிடைத்தன; என்னுடையது அவர்களிடம்தான் இருக்கிறது, கேஸ் முடியும்வரை நான் எங்கும் போகமுடியாது. பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைத் தந்துவிட்டார்கள்.

ஆன்சி என்னோடு பேசுவதில்லை. "போலீஸ் அங்கிள் போகச் சொன்னாங்கல்ல? ஒய் டிட் யூ கெட் டவுன், மம்மி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

இப்போது முக்கியமான விஷயம். நேற்று முன்தினம் காலையில் விஜயபாஸ்கர் இங்கே வந்தார். அவர் இன்னும் வெளியேதான் இருக்கிறார். லிஜோ அவர் பெயரைச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார், பிள்ளைகளை விசாரித்தார். நஜீஹா உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, "ஒங்க அண்ணன் நல்ல மெக்கானிக்மா. அவ்ளோ பாரத்தையும் அந்தக் கொக்கி அசையாம தாங்கிச்சே. எப்படி மாத்தணும், பாரத்த எங்க வைக்கணும்னு எல்லாம் அவர் கைப்பட எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கார். அந்த லெட்டர் என்கிட்ட பத்திரமா இருக்கு. வண்டி ஒங்க பேர்ல, வேல அவர் கையெழுத்துல. நான் எதுலயும் இல்ல. அப்படியே இருக்கட்டும், என்ன?" என்றார். உன் கேம்ப் பெயரையும் ரூம் நம்பரையும் சொன்னார். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

நீ பிள்ளைகளின் கழுத்துக்காக எழுதினாய். அதை எந்த நாட்டுப் போலீஸுக்கு நான் புரியவைப்பேன்?

இதைப் போனில் சொல்லப் பயம். கலீல் காக்காவை எவ்வளவோ மிரட்டியும் இன்று அவரே கொண்டுவருகிறார், "நமக்கும் பொம்பளப் பிள்ள உண்டும்மா" என்றார். கடிதம் கையில் கிடைத்ததும் கிளம்பு. லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பு. இங்கே வராதே, நேரே ஊருக்குப் போ. அடுத்த வாரம் நஜீஹா பிள்ளைகளைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டி வருகிறாள், நீ விமான நிலையத்தில் நிற்க வேண்டும். ஜெரிக்கு ஜன்னல் சீட் வேண்டுமாம். ஆன்சியிடம் நீயாவது பேசு.

பதினைந்தாம் தேதி என்னை மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதற்குப் பின்னால் யார் என்று கேட்பார்கள். அதற்குள் நீ சவுதியைத் தாண்டியிருக்க வேண்டும் அண்ணா, தாண்டாவிட்டாலும், நான் அவர் பெயரைச் சொல்லத்தான் போகிறேன்.

உன் தங்கை,
ஷாஜினி